வேற நாட்டு ஸ்கூலோட சேர்ந்து ப்ராஜெக்ட்: காசு யார் தர்றாங்க, ஃபார்ம்ல எதுக்கு கையெழுத்து?

ஜெர்மனில இருக்கற நம்ம ஆளுங்க வாட்ஸப் குரூப்ல ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருத்தர் கேட்டுடுவாங்க, "பையன் கிளாஸ் போர்ச்சுகல் ஸ்கூலோட ஏதோ ப்ராஜெக்ட் பண்றாங்களாம், ஃபார்ம் வந்திருக்கு, எவ்ளோ கட்டணும்?"னு. வெறும் ஆன்லைன் ப்ராஜெக்ட்னா அது பெரும்பாலும் ஈட்வின்னிங்காதான் இருக்கும், அதுக்கு ஒரு பைசா கட்ட வேணாம்.

ஈட்வின்னிங்ங்கறது வேற வேற நாட்டு ஸ்கூல்ங்க ஆன்லைன்ல சேர்ந்து ப்ராஜெக்ட் பண்றதுக்காக 2005ல ஐரோப்பிய யூனியன் ஆரம்பிச்ச திட்டம். கிண்டர்கார்டன்ல இருந்து பிளஸ் டூ வயசு வரைக்கும் எந்த வகுப்பும் சேரலாம். ரெண்டு நாட்டுல ரெண்டு டீச்சர் பேசி ஒத்துக்கிட்டா போதும், ஹெட்மாஸ்டருக்கு மேல மந்திரி வரைக்கும்லாம் போக வேணாம். டீச்சர் பதிவு பண்ணுவாங்க, அந்தந்த நாட்டுல இதுக்குன்னு இருக்கற அமைப்பு அவங்களையும் ப்ராஜெக்டையும் பார்த்து ஓகே பண்ணும், அப்புறம் ட்வின்ஸ்பேஸ்னு அவங்களுக்கு மட்டும் ஒரு ஆன்லைன் ரூம் திறக்கும். கூப்பிடாத ஆள் உள்ள நுழைய முடியாது. நீங்க கையெழுத்து போடற ஃபார்ம் பெரும்பாலும் போட்டோ, வீடியோவுக்கான சம்மதம், அதனால படிக்காம போட்டுடாதீங்க. போட்டோ வேணாம்னு டிக் பண்ண உங்களுக்கு முழு உரிமை இருக்கு.

என் பொண்ணு கிளாஸ்ல டிபன் பாக்ஸ காட்டறதுதான் முதல் வீடியோ கால். இங்க காலைல 9ன்னா போர்ச்சுகல்ல 8, அதை ரெண்டு டீச்சருமே யோசிக்கல, இந்தப் பக்கம் இருபத்தஞ்சு பிள்ளைங்க டப்பாவைத் திறந்து வச்சுக்கிட்டு காலி வகுப்பறையைப் பார்த்துட்டு இருந்தாங்க! மறுநாள் திரும்ப கால் போட்டாங்க. இவ லெமன் சாதத்தைக் காட்ட, அங்க ஒரு பையன் டப்பாவுலயும் சோறு. ஐரோப்பாவுலயே ஆளுக்கு ஆள் அதிகமா சோறு சாப்பிடறது போர்ச்சுகல்காரங்கதான்னு அன்னைக்குதான் எனக்கே தெரிஞ்சுது.

சரி, நேர்ல போய் வரணும்னா? அதுக்குதான் எராஸ்மஸ் பிளஸ், படிப்புக்கும் பயணத்துக்கும் ஐரோப்பிய யூனியன் நிதி குடுக்கற திட்டம். காலேஜ் பசங்களுக்கு மட்டும்னு நெனைக்காதீங்க, ஸ்கூலுக்கும் உண்டு. மாணவர் குழுவா 2 நாள்ல இருந்து 30 நாள் வரைக்கும் போகலாம், பயணத்துக்கும் தங்கறதுக்கும் நிதி வரும், வசதி கம்மியான குடும்பத்துப் பிள்ளைக்குத் தனியா கூடுதல் உதவியும் இருக்கு. அதனால காசில்லைன்னு பிள்ளைய நிறுத்திடாம டீச்சர்கிட்ட வாயத் திறந்து கேளுங்க, நம்மாளுங்க கௌரவம் பார்த்தே பாதிய விட்டுடறோம்.

பயணம் மட்டும் இல்லாம ரெண்டு ஸ்கூலும் சேர்ந்து பெருசா ஏதாவது பண்ணணும்னா எராஸ்மஸ் பிளஸ்லயே சின்ன அளவு பார்ட்னர்ஷிப்னு ஒரு பிரிவு இருக்கு. குறைஞ்சது ரெண்டு நாட்டுல இருந்து ரெண்டு அமைப்பு, 6ல இருந்து 24 மாசம், தொகை 30,000 யூரோ இல்லாட்டி 60,000 யூரோ, நடுவுல வேற கணக்கு கிடையாது. ஒருத்தர் தலைமை, அவரோட நாட்டு ஏஜென்சிக்குதான் விண்ணப்பம் போகும். ஜெர்மன் ஸ்கூல்னா பான் நகரத்துல இருக்கற பாட் (PAD)ங்கற ஏஜென்சி. 100க்கு 60 மார்க் வாங்கணும், அதோட ஒவ்வொரு பகுதிலயும் பாதியாவது வரணும், மொத்தத்துல 75 வாங்கியும் ஒரு பகுதில சொதப்பினா அவுட்டு. இது மொத்தமா குடுக்கற தொகை, பில் பில்லா கணக்கு கேக்க மாட்டாங்க, ஆனா எழுதிக்குடுத்த வேலைய பண்ணலைன்னா பணத்தைக் குறைப்பாங்க. அதனால விண்ணப்பத்துல அளவா அளந்து விடுங்க. முன்ன பின்ன தெரியாத ஸ்கூலோட நேரா இதுல குதிக்காதீங்க, ஒரு வருஷம் ஈட்வின்னிங்ல பழகிப் பாருங்க, மெயிலுக்கு பதில் போடாத பார்ட்னர் யாருன்னு அதுலயே தெரிஞ்சிடும்.

பதிவு செஞ்ச சங்கமும் இதுல சேரலாம், அரசு ஸ்கூலா இருக்கணும்னு இல்ல. பாரிஸ்லயும் ஆஸ்லோவுலயும் சனிக்கிழமை தமிழ்ப்பள்ளி நடத்தறவங்க சங்கமா பதிவு பண்ணியிருந்தா விதிப்படி தடையில்ல. சுவிஸ்ல இருக்கறவங்க மொதல்ல அந்த நாட்டு ஏஜென்சியான மோவெட்டியாகிட்ட கேளுங்க, அங்க வழி வேறயா இருக்கலாம்.

சென்னைல அக்கா பசங்க படிக்கற ஸ்கூலையும் சேக்கலாமான்னு கேட்டா, இந்த சின்ன பார்ட்னர்ஷிப்ல இந்தியா கிடையாது. அதுக்கு 2008ல ஜெர்மன் வெளியுறவுத்துறை ஆரம்பிச்ச பாஷ் (PASCH)ங்கற ஸ்கூல் கூட்டமைப்பு இருக்கு, ஜெர்மன் சொல்லிக்குடுக்கற இந்திய ஸ்கூல்களும் அதுல உண்டு. அக்கா பசங்க ஸ்கூல் அந்த லிஸ்ட்ல இருக்கான்னு மொதல்ல பாத்துட்டு, அப்புறம் உங்க டீச்சர்கிட்ட பேச்சை எடுங்க.