இறக்கத்தில் தொடைத் தசைக்கு என்ன நேர்கிறது?

வெள்ளியங்கிரி மலைக்குப் போய்வந்தவர்கள் ஏற்றத்தைப் பற்றிப் பேசும்போது மூச்சு வாங்கியதைச் சொல்வார்கள். இறக்கத்தைப் பற்றிப் பேசும்போது அவர்களின் கை தானாகவே தொடையைத் தடவும். சனிக்கிழமை இரவு பூண்டி அடிவாரத்தில் ஆளுக்கொரு மூங்கில் தடி வாங்கிக்கொண்டு நண்பர்களோடு புறப்பட்டு, ஏழாவது மலையைத் தொட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை இறங்கிவருபவர்களுக்கு, திங்களன்று விறைப்பாகத் தொடங்கும் வலி செவ்வாயன்று உச்சத்துக்குப் போகிறது. அந்த வலியிலும் ஒரு விசித்திரம் உண்டு. மாடிப்படியில் ஏறுவது எப்படியோ முடிந்துவிடும். இறங்குவதற்குத்தான் கைப்பிடிச் சுவர் தேவைப்படும்.

ஏற்றத்தின் கணக்கு எளியது. அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் 1,000 மீட்டர் உயரம் ஏறினால், புவியீர்ப்புக்கு எதிராக அவர் செய்யும் வேலை ஏறத்தாழ 588 கிலோஜூல், அதாவது சுமார் 140 கிலோகலோரி. தசை தான் எரிக்கும் சக்தியில் கால் பங்கை மட்டுமே இயக்கமாக மாற்றுவதால், உண்மையான செலவு 560 கிலோகலோரியை நெருங்கும். இறங்கும்போது அதே 588 கிலோஜூலையும் உடல் எங்காவது தொலைத்தாக வேண்டும்; இல்லாவிட்டால் அடிவாரத்துக்கு உருண்டுதான் வந்துசேர முடியும். அந்தச் சக்தியின் பெரும்பகுதியைத் தாங்கி வெப்பமாக மாற்றும் பிரேக், தொடையின் முன்பக்கத் தசை. ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மடங்கும்போது இந்தத் தசை சுருங்க முயன்றுகொண்டே இழுபட்டு நீள்கிறது. ஏறும்போது அது சுருங்கிக் குறுகுகிறது என்பதால், இரண்டு வேலைகளும் ஒரே தசையில் நடந்தாலும் ஒன்றல்ல.

இந்த வேறுபாட்டைக் கண்ணெதிரே காட்டிய சோதனை ஒன்று 1952-இல் பிரிட்டனில் வெளியானது. பெர்னார்ட் அபட், பிரெண்டா பிக்லண்ட், மர்டாக் ரிச்சி ஆகிய மூவரும் இரண்டு சைக்கிள்களை எதிரெதிர்த் திசையில் நிறுத்தி ஒரே சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிக்க, மற்றவர் பின்னோக்கிச் சுழலும் பெடலை எதிர்த்துத் தடுக்க வேண்டும். இருவரும் செலுத்தும் விசை சமம் என்றாலும், மிதிப்பவர் உட்கொள்ளும் ஆக்சிஜன் தடுப்பவருடையதைப்போலப் பல மடங்காக இருந்தது. லண்டன் ராயல் சொசைட்டியில் இதைச் செய்துகாட்டியபோது, சிறிய உடலமைப்புக் கொண்ட ஒரு பெண் பெரிதாக அலட்டிக்கொள்ளாமல் பெடலைத் தடுத்தே ஓர் ஆஜானுபாகுவான ஆணைக் களைப்படையச் செய்ததாகப் பதிவு இருக்கிறது.

தடுப்பது ஏன் இவ்வளவு மலிவாக முடிகிறது? தசை இழையின் அடிப்படை அலகான சார்கோமியருக்குள், மயோசின் என்ற புரதத்தின் தலைகள் ஆக்டின் இழையைப் பற்றி இழுக்கின்றன. பிடியை விட்டு மறுபடி பற்றுவதற்கு ஒவ்வொரு முறையும் உயிரணுவின் எரிபொருளான ஏடிபி மூலக்கூறு ஒன்று செலவாகிறது. கிணற்றில் கனத்த வாளியை இறக்கும்போது கயிறு உள்ளங்கையை உரசிக்கொண்டு நழுவுவதைப்போல, தசை இழுபட்டு நீளும்போது இந்தத் தலைகள் பலவந்தமாகப் பிய்க்கப்படுகின்றன. அதற்கு ஏடிபி தேவையில்லை. போதாததற்கு, சார்கோமியரின் பாதி நீளத்துக்கு ஓடும் டைட்டின் என்ற பிரம்மாண்டமான புரதமும் விறைத்து ஸ்பிரிங்காக உதவுகிறது. ஆகவே குறைந்த எண்ணிக்கையிலான இழைகளைக் கொண்டே உடல் பெரிய சுமையைத் தாங்கிவிடுகிறது.

சிக்கலும் இந்தச் சிக்கனத்தில்தான் இருக்கிறது. வேலைக்கு வரும் இழைகள் குறைவு என்றால், ஒவ்வோர் இழையும் சுமக்கும் பாரம் அதிகம். ஆயிரக்கணக்கில் வரிசையாகக் கோக்கப்பட்ட சார்கோமியர்கள் எல்லாம் ஒரே வலிமை கொண்டவை அல்ல; தசை நீண்ட நிலையில் இழுபடும்போது பலவீனமானது முதலில் தோற்று, ஆக்டினும் மயோசினும் ஒன்றன்மீது ஒன்று படியாத அளவுக்கு நீண்டுவிடுகிறது என்பது டேவிட் மார்கன் 1990-இல் முன்வைத்த விளக்கம். அதற்கு முன்பே, 1980-களின் தொடக்கத்தில், படிக்கட்டுகளில் திரும்பத் திரும்ப இறங்கியவர்களின் கெண்டைக்கால் தசையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்த ஸ்வீடன் ஆய்வாளர்கள், நேர்கோடாக இருக்க வேண்டிய சார்கோமியர் எல்லைகள் நெளிந்தும் சிதைந்தும் கிடப்பதைக் கண்டிருந்தார்கள். இச்சேதத்தைத் தொடர்ந்து அழற்சி எழுந்து நரம்பு முனைகள் கூருணர்வு பெற நேரம் பிடிப்பதால், வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சமடைகிறது.

லாக்டிக் அமிலம் தேங்கியதால்தான் வலிக்கிறது என்று உடற்பயிற்சிக் கூடங்களில் இன்றும் சொல்லப்படுவதற்கு ஆதாரம் இல்லை. 1983-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சமதளத்தில் ஓடியவர்களின் இரத்தத்தில் லாக்டிக் அமிலம் கூடியது, வலி வரவில்லை; இறக்கத்தில் ஓடியவர்களுக்கு அமிலம் கூடவில்லை, வலி மட்டும் வந்தது.

வலியை விடக் கவனிக்க வேண்டியது வலிமை இழப்பு, ஏனெனில் அது இறங்கும்போதே தொடங்கிவிடுகிறது. மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது, கால் எவ்வளவு விசையோடு ஊன்றுகிறது என்ற உணர்வும் கூடவே பிசகுவதால், இறக்கத்தின் கடைசிப் பகுதியில் கால் இடறுவதைக் கவனக்குறைவு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அரிதாக, சேதமடைந்த தசையின் புரதம் இரத்தத்தில் பெருமளவில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். சிறுநீர் கோலா நிறத்தில் போனால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மலைப்பாதை ஓட்டக்காரர்கள் இறக்கத்தில் அடிகளைச் சிறிதாக்கி, எண்ணிக்கையைக் கூட்டுகிறார்கள். தாவித் தாவி இறங்கினால் ஒவ்வோர் ஊன்றலிலும் முழங்கால் ஆழமாக மடங்கி, தசை நீண்ட நிலையில் அதிர்ச்சியை வாங்க நேர்கிறது. தடியின் பயனும் மெய்யானதே: வேல்ஸ் நாட்டின் ஸ்னோடன் மலையில் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வில், ஊன்றுகோல்களோடு ஏறி இறங்கியவர்களுக்கு மறுநாட்களில் வலியும் வலிமை இழப்பும் குறைவாக இருந்தன. பூண்டியில் வாங்கும் மூங்கில் தடியும் அதே வேலையைச் செய்யும்; ஆனால் காலுக்கு முன்னால் தடி தரையைத் தொட வேண்டும். செல்ஃபிக்காகத் தோளில் சாத்திக்கொண்டு இறங்கினால் தொடைக்கு ஒரு பயனும் இல்லை.

எல்லாவற்றையும்விட வலுவான பாதுகாப்பு, முன்னதாக ஒரு முறை இறங்கியிருப்பது. ஒரே ஒரு இறக்கப் பயிற்சி கூடப் பல வாரங்களுக்குத் தசையைக் காக்கிறது. சரிவில் இறங்கி ஓடப் பழக்கப்பட்ட எலிகளின் தொடைத் தசையில், ஏறி ஓடிய எலிகளைவிட அதிகமான சார்கோமியர்கள் வரிசையாகச் சேர்ந்திருந்தன. சங்கிலி நீண்டால் ஒவ்வொரு கண்ணியும் இழுபடும் தூரம் குறையும். கலிஃபோர்னியாவின் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் 100 மைல் ஓட்டத்தில் மொத்த ஏற்றம் சுமார் 5,500 மீட்டர், இறக்கமோ சுமார் 7,000 மீட்டர் என்பதால், அதற்குத் தயாராகிறவர்கள் இறக்கத்துக்கென்றே தனியாகப் பயிற்சி எடுக்கிறார்கள். நம் நகரங்களிலோ, மலைப்பயணத்துக்காக அடுக்குமாடிக் குடியிருப்பில் பத்து மாடி ஏறிப் பழகுபவர்கள் லிஃப்டில் இறங்கிவிடுகிறார்கள். நெஞ்சுக்கு அது நல்லது, தொடைக்கு அதில் பாதிப் பாடம் விடுபட்டுப்போகிறது. பயணத்துக்கு இரண்டு, மூன்று வாரங்களுக்கு முன்பு ஒரு நாள் ஏறுவதற்கு லிஃப்டையும் இறங்குவதற்குப் படியையும் பயன்படுத்தி, மறுநாள் லேசாக வலிக்கும் அளவுக்கு இறங்கினால் போதும். கிளம்புவதற்கு முந்தைய இரண்டு, மூன்று நாட்களில் மட்டும் இதைத் தொடங்கக் கூடாது.