பழைய பியூட்டர் பாத்திரத்தில் பரிமாறுவதற்கு முன்

தொன்மைப் பொருள் கடைகளிலும் இணைய ஏலங்களிலும் மங்கிய சாம்பல் நிறத்தில் விற்பனைக்கு வரும் ஐரோப்பியக் குவளைகளிலும் தட்டுகளிலும் பல, பியூட்டர் என்னும் கலப்பு உலோகத்தால் ஆனவை. உலோகப் பழம்பொருள்களைப் பேணும் பணியில் இருப்பதால், இவற்றை வாங்கியவர்களும், வெளிநாட்டில் வாழ்ந்த பெரியவர்களிடமிருந்து பெற்றவர்களும் என்னிடம் முதலில் கேட்பது, "இதில் சாப்பிடலாமா?" என்பதுதான். எந்தக் காலத்துப் பொருள், எந்தக் கலவை என்று உறுதியாகத் தெரியும்வரை கூடாது என்பதே என் பதில். அதற்கான காரணம், இப்பாத்திரங்களைச் செய்தவர்களின் வரலாற்றிலேயே பதிவாகியிருக்கிறது.

பியூட்டரில் பெரும்பங்கு வெள்ளீயம் (டின்). தூய வெள்ளீயம் மிகவும் மென்மையானது என்பதால் அதனுடன் செம்பு, பிஸ்மத், ஆன்டிமனி, காரீயம் போன்றவற்றைச் சேர்த்தார்கள். இவற்றுள் காரீயம் (லெட்) உடலுக்கு நஞ்சு; ஆனால் விலை மலிவானது, வார்ப்பதையும் எளிதாக்குவது. எனவே எவ்வளவு காரீயம் சேர்க்கலாம் என்பதே இத்தொழிலின் தலையாய கேள்வியாக இருந்தது. லண்டன் பியூட்டர் கைவினைஞர்கள் 1348ஆம் ஆண்டு வகுத்துக்கொண்ட விதிகள் இரண்டு தரங்களைப் பிரித்தன. தட்டு, தாம்பாளம் போன்றவற்றுக்கு வெள்ளீயமும் செம்பும் சேர்ந்த உயர்ந்த கலவை. உருண்டை வடிவக் கலயங்களுக்கும் மெழுகுவத்தித் தண்டுகளுக்கும் காரீயம் சேர்ந்த கலவை. பின்னாளிலும் மதுவை அளக்கும் கலயங்கள் பெரும்பாலும் இந்தத் தாழ்ந்த கலவையிலேயே வார்க்கப்பட்டன. புளிப்புள்ள பானம் காரீயத்தைக் கரைத்து இழுக்கும் என்பதை நினைத்தால், தட்டைவிடக் குவளையையே நாம் கூடுதலாக அஞ்ச வேண்டும் என்பது விளங்கும்.

நான்காம் எட்வர்ட் மன்னரின் சாசனத்தைப் பெற்ற லண்டன் பியூட்டர் கைவினைஞர் சங்கத்துக்கு, கடைகளைச் சோதனையிட்டுப் போலிச் சரக்கைப் பறிமுதல் செய்யும் அதிகாரம் இருந்தது. அவர்களுடைய சோதனை முறை எளிமையானது, ஆனால் நுட்பமானது. ஒரு கன சென்டிமீட்டர் வெள்ளீயம் 7.3 கிராம் எடையுள்ளது. அதே அளவு காரீயமோ 11.3 கிராம். எனவே சந்தேகத்துக்குரிய உலோகத்தைச் சிறு அச்சில் வார்த்து, அதே அச்சில் வார்த்த தரமான உலோகத் துண்டுடன் தராசில் ஒப்பிட்டால், எடை கூடிய துண்டு கலப்படத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், செய்தவர் தம் முத்திரையைப் பொருளில் பதிக்க வேண்டும் என்பதும் சட்டமாயிற்று. அம்முத்திரைகளைப் பதிந்து சங்கம் வைத்திருந்த பழைய தகடுகள் 1666ஆம் ஆண்டின் லண்டன் பெருந்தீயோடு போய்விட்டன. அதன்பின் தொடங்கிய ஐந்து தகடுகள் இன்றும் இருக்கின்றன. ஆனால் முத்திரை செய்தவரைச் சொல்லுமே தவிர, கலவைக்கு உத்தரவாதம் ஆகாது. முத்திரையை நம்பி உணவு பரிமாறுபவர்களை நான் பலமுறை எச்சரித்திருக்கிறேன்.

இந்தக் கைவினைஞர்களின் திறமையைக் காண விரும்பினால் ஒரு பழைய தட்டைத் திருப்பிப் பாருங்கள். வெண்கல அச்சில் வார்த்து, கடைசல் இயந்திரத்தில் சுழற்றிச் சீராக்கிய பிறகு, தட்டின் குழிவான நடுப்பகுதி விளிம்பை நோக்கி எழும் வளைவை மட்டும் சுத்தியலால் வட்ட வட்டமாகத் தட்டி இறுக்குவார்கள். பளு தாங்கும் அவ்வளைவில் வரிசை பிசகாமல் நெருக்கமாக அமைந்த சுத்தியல் தடங்கள் இன்றும் தெரியும். ஓர் அடி பலமாக விழுந்தாலும் மென்மையான அந்த உலோகம் கெட்டுவிடும். அச்சுகள் விலை மிகுந்தவை; தேய்ந்த பாத்திரங்களோ உருக்கப்பட்டுப் புதியவையாயின. பழைய பியூட்டர் இன்று குறைவாகவே எஞ்சியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் போர்க்கப்பலிலிருந்து மீட்கப்பட்ட பியூட்டர் தட்டுகள் அதனாலேயே அரிய சான்றுகள் ஆகின்றன.

18ஆம் நூற்றாண்டில் ஜோசையா வெட்ஜ்வுட் போன்றோரின் மலிவான பீங்கான் பாண்டங்கள் பரவியதும் இங்கிலாந்தில் இத்தொழில் சுருங்கியது. அதே காலத்தில் ஷெஃபீல்டில், காரீயம் இல்லாமல் வெள்ளீயம், ஆன்டிமனி, செம்பு ஆகியவற்றைக் கொண்ட பிரிட்டானியா உலோகம் உருவானது. வெள்ளீயச் சுரங்கங்கள் நிறைந்த மலாயாவில், 1885இல் சீனாவின் சுவாதோ துறைமுகத்திலிருந்து கோலாலம்பூர் வந்த யோங் கூன் தொடங்கிய பட்டறையே இன்றைய ராயல் சிலாங்கூர் நிறுவனம். இன்று உணவுக்கென விற்கப்படும் பியூட்டரில், காரீயம் சேர்க்கப்படவில்லை என்று தயாரிப்பாளர் எழுத்தில் உறுதியளித்திருக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்குவது வாங்குபவரின் உரிமை.

காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே அது முதலில் தாக்குகிறது. பாத்திரத்தை வெள்ளைக் காகிதத்தில் தேய்த்தால் கருங்கோடு விழுமானால் காரீயம் மிகுதி என்று கொள்ளலாம். ஆனால் கோடு விழவில்லை என்பதால் காரீயம் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எக்ஸ்-கதிர் ஒளிர்வுச் சோதனை பொருளைச் சிறிதும் சேதப்படுத்தாமல் கலவையைக் காட்டிவிடும். நம் வீடுகளில் ரசம் வைக்கும் ஈயச் சொம்புக்கும், பித்தளைப் பாத்திரங்களுக்குப் பூசும் ஈயத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: புளியும் தக்காளியும் கொதிக்கும் இடத்தில் தூய வெள்ளீயத்தைத் தவிர வேறெதற்கும் இடமில்லை.

பழைய பியூட்டரைக் காட்சிக்கு வைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். புளி, எலுமிச்சை, சாம்பல் போட்டு அதைத் தேய்க்காதீர்கள். கருமை நீங்குவதோடு, நான் மேலே சொன்ன சுத்தியல் தடங்களும் முத்திரையும் சேர்ந்தே அழிந்துபோகும். மென்மையான உலர்ந்த துணியே போதுமானது. ஓக் மரம், ஒட்டுப்பலகை ஆகியவற்றால் ஆன அடைப்பான அலமாரிகளிலிருந்து கசியும் அமில ஆவி, காரீயம் மிகுந்த பாத்திரங்களில் வெண்பொடியாக அரிப்பை உண்டாக்கும். நஞ்சாகிய அப்பொடி தென்பட்டால் ஊதவோ சுரண்டவோ வேண்டாம். கையுறை அணிந்து, பாத்திரத்தை மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, அருகிலுள்ள அருங்காட்சியகத்தின் பாதுகாப்புப் பிரிவை அணுகுங்கள்.