கிட்னி நோயாளிகளே, கால்சியத்தைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள்

போன மாதம் குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். பீடி சுற்றுகிறவர். சிறுநீரக நோயின் ஐந்து நிலைகளில் நான்காம் நிலை, டயாலிசிஸ் இன்னும் தேவைப்படவில்லை. சில நாளாக ஓயாத வாந்தி, மலச்சிக்கல், நாக்கு வறட்சி. கூப்பிட்டால் ‘உம்’ என்பதோடு சரி. யூரியா ஏறிவிட்டது, இனி டயாலிசிஸ்தான் என்று வீட்டார் பயந்திருந்தார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்தால் கால்சியம் 14-ஐ நெருங்கியிருக்கிறது. இருக்க வேண்டியது சுமார் 8.5 முதல் 10.5 வரை.

மஞ்சப்பையை மேசையில் கொட்டச் சொன்னேன். நாங்கள் எழுதிய கால்சிட்ரியால் கேப்ஸ்யூல் இருந்தது, உடம்பில் நேரடியாக வேலை செய்யும் வடிவ வைட்டமின் டி அது. முட்டி வலிக்கு வேறொரு இடத்தில் கொடுத்த 60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட்டுகள் இருந்தன, வாரத்துக்கு ஒன்று. கூடவே கத்தரியால் துண்டுதுண்டாக வெட்டிய மாத்திரை அட்டைகள். பெயர் இருந்த பக்கம் கடையிலேயே நின்றுவிட்டது. மிச்சத் துண்டில் ‘500’ என்ற எண் மட்டும் தெரிந்தது.

“அத்தைக்கு முட்டி கொடச்சல் தாங்கல சார். கடையில சொல்லி வாங்கனோம். காலையில ரெண்டு, ராத்திரி ரெண்டு. சத்து மாத்திரதான சார்?” என்றார் மருமகள்.

மாத்திரைகளை நிறுத்தி, சலைன் ஏற்றி, அவர் தெளிந்துவிட்டார். ஆனால் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான க்ரியேட்டினின் பழைய அளவுக்கு இறங்கவில்லை. இருந்த கொஞ்சம் சிறுநீரகத்திலும் ஒரு பங்கு போனது போனதுதான்.

1971-லேயே சி.எம்.சி. மருத்துவமனையில் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்த ஊர் எங்கள் வேலூர். வங்காளத்திலிருந்தெல்லாம் ரயிலேறி வைத்தியத்துக்கு வருகிறார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் ‘சத்து மாத்திரைதானே’ என்று கிட்னியைக் கெடுத்துக்கொண்டு வருவதைப் பார்க்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

கிட்னி நோயாளிக்கு எலும்பு வலித்தால் அது சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று நீங்களே முடிவுகட்டக் கூடாது. சிறுநீரகம் தளர்ந்தால் பாஸ்பரஸ் வெளியேறாமல் தேங்கும். வைட்டமின் டி-யை வேலை செய்யும் வடிவத்துக்கு மாற்றுவதும் சிறுநீரகம்தான், அதுவும் குறையும். இரண்டும் சேர்ந்து கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகளை முடுக்கிவிட, அவை எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி ரத்தத்தில் விடும். வலி அங்கிருந்து வரலாம். அந்த நேரத்தில் வெளியிலிருந்தும் கால்சியத்தைக் கொட்டினால் அது எலும்புக்குத்தான் போகும் என்று யார் சொன்னது? பாஸ்பரஸோடு சேர்ந்து ரத்தக்குழாய்ச் சுவரிலும் இதய வால்விலும் படியும். நம் ஊர் போர் தண்ணீர் ஓடும் குழாயில் உப்பு அடைத்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள், அப்படி. எக்ஸ்ரேயில் ரத்தக்குழாய் வெள்ளைக் கோடாகத் தெரியும் அளவுக்குப் படிந்தவர்கள் எங்கள் டயாலிசிஸ் பிரிவில் இருக்கிறார்கள். அதைக் கரைக்க மாத்திரை கிடையாது.

கணக்கும் பாருங்கள். மூன்றாம், நான்காம் நிலையில் கால்சிட்ரியால் போன்ற மருந்து எடுக்காதவர்களுக்கே சாப்பாடு, மாத்திரை எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 800 முதல் 1000 மில்லிகிராம் கால்சியம் போதும் என்பதுதான் வழிகாட்டுதல். 1250 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் மாத்திரையில் நிஜமான கால்சியம் 500. அந்த அம்மா மாத்திரையில் மட்டும் தினம் 2000 எடுத்திருக்கிறார், கால்சிட்ரியாலையும் வைத்துக்கொண்டு.

யாரும் கேட்காத இன்னொன்று, வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பு. அதுவும் கால்சியம்தான்; அமிலத்துக்கு எதிரான காரப் பொருளும்கூட. நாள் முழுக்கத் தாம்பூலம் போடும் பாட்டிகளிடம் இதைக் கேட்காமல், கால்சியம் ஏறியதற்குப் புற்றுக்கட்டி காரணமோ என்று எங்கள் இளம் டாக்டர்கள் ஸ்கேனுக்கு அனுப்புகிறார்கள்.

அந்த இளம் டாக்டர்களுக்கு இன்னொரு வார்த்தை: ரிப்போர்ட்டில் கால்சியம் 7.8 என்று பார்த்ததும் மாத்திரை எழுதிவிடாதீர்கள், பக்கத்தில் ஆல்புமினைப் பாருங்கள்; ரத்தத்தில் கால்சியத்தின் ஒரு பங்கைச் சுமக்கும் புரதம் அது. அது 2.5 என்றால் திருத்திய கால்சியம் 9. ஐயம் இருந்தால் புரதத்தில் ஒட்டாமல் தனியாக ஓடும் அயனிக் கால்சியத்தைப் பாருங்கள்.

இதைப் படித்துவிட்டு நாங்கள் கொடுத்த மாத்திரையையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள்! ‘கால்சியம் போட்டா கல்லு வரும்’ என்று பக்கத்து வீட்டில் கேட்டு நிறுத்திவிட்டு, கால்சியம் குறைந்து கை கால் இழுத்துக்கொண்டு வருபவர்களும் உண்டு. பலருக்கு நாங்கள் கால்சியம் எழுதுவது சோற்றோடு வரும் பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்து மலத்தோடு தள்ளுவதற்கு. அதனால்தான் ‘சாப்பாட்டோடு’ என்று எழுதுகிறோம். படுக்கும்போது வெறும் வயிற்றில் போட்டால் பாஸ்பரஸ் பிடிபடாது, கால்சியம்தான் ரத்தத்தில் ஏறும். ஒரு வேளை சாப்பிடவில்லையா, அந்த வேளை மாத்திரையும் வேண்டாம். தைராய்டு மாத்திரையோடும் இரும்புச்சத்து மாத்திரையோடும் சேர்த்துப் போடாதீர்கள். அவை உடம்பில் சேராமல் போகும்.

சாப்பாட்டைப் பற்றி எல்லோரும் கேட்பது கேவுரு களி. 100 கிராம் கேழ்வரகு மாவில் கால்சியம் 350 மில்லிகிராம் அளவில் இருக்கிறது; 200 மில்லி பாலில் 240 போல. இரண்டிலும் பாஸ்பரஸும் உண்டு. ஒரேயடியாகத் தடை என்று நான் சொல்வதில்லை. உங்கள் பொட்டாசியம், பாஸ்பரஸைப் பார்த்து உணவியல் நிபுணர் அளவு சொல்வார். கருவாட்டை முள்ளோடு மென்று தின்பதையும், பாட்டில் கோலாவையும் மட்டும் விட்டுவிடுங்கள். மூட்டு வலிக்கென்று எள்ளுருண்டையை டப்பா டப்பாவாக வாங்கி வைக்காதீர்கள்.

மருந்துக் கடை அண்ணன்மார்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். முட்டி வலி என்று யார் வந்தாலும் ‘கிட்னி பிரச்சினை இருக்கா?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அட்டையை வெட்டினாலும் பெயர் இருக்கும் பக்கத்தை நோயாளிக்குக் கொடுங்கள். ஆறு லட்சம் யூனிட் வைட்டமின் டி ஊசியைச் சீட்டு இல்லாமல் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

வீட்டில் கிட்னி நோயாளி இருந்தால், எந்த டாக்டரைப் பார்த்தாலும் மொத்த மாத்திரைப் பையையும் எடுத்துப் போங்கள். சித்த மருந்து, சத்து மாவு, வெற்றிலைச் சுண்ணாம்பு எதையும் மறைக்காதீர்கள், யாரும் திட்டமாட்டார்கள். வாந்தி, மலச்சிக்கல், அதிக தாகம், தூக்கக் கலக்கம், பேச்சில் குழப்பம் என்று வந்தால் ‘யூரியா ஏறியிருக்கும், அடுத்த வாரம் போகலாம்’ என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். அன்றைக்கே வாருங்கள், கால்சியமும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.