ஏபியு சத்தம் கேட்டதும் கேபிளைப் பிடுங்காதீர்கள்

விமானத்தில் ஏறி பெல்ட் போட்டுக் கொஞ்ச நேரத்தில் விளக்குகள் ஒரு நொடி அணைந்து எரியும். பக்கத்து சீட்காரர் நம்மைப் பார்ப்பார், நாம் அவரைப் பார்ப்போம். பயப்பட ஒன்றுமில்லை. கீழே நின்று கேபிள் வழியாக மின்சாரம் தரும் ஜிபியு வண்டியை விட்டுவிட்டு, வாலில் இருக்கும் ஏபியு என்ற குட்டி டர்பைன் தரும் சொந்த மின்சாரத்துக்கு விமானம் மாறுகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கேபிளைக் கழற்ற மூக்குச் சக்கரத்தருகே நிற்கும் பையனுக்கு அது அப்படிப்பட்ட சாதாரண நொடி இல்லை. விமானப் பராமரிப்பில் இருக்கும் நான் இதை எழுதுவது, தரைப்பணிக்குப் புதிதாக வரும் அந்தப் பிள்ளைகளுக்காக.

ஏர்பஸ் ஏ320 விமானத்தை எடுத்துக்கொள்வோம். இன்ஜின் ஓடாதபோது கைவசம் இருப்பவை 2 முக்கிய பேட்டரிகள். ஒவ்வொன்றும் 24 வோல்ட், 23 ஆம்பியர்-அவர். வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்றிலேயே இரண்டும் சேர்ந்ததைவிட அதிக மின்சாரம் இருக்கும். இதை வைத்து ஏபியுவைக் கிளப்பலாம். கேபினுக்கும் காக்பிட்டுக்கும் ஒரு மணி நேரம் தீனி போட முடியாது. அதனால்தான் ஜிபியு.

அதில் வருவது 115 வோல்ட், 400 ஹெர்ட்ஸ், மூன்று ஃபேஸ். வீட்டுக்கு வருவது 50 ஹெர்ட்ஸ். 400 என்றால் டிரான்ஸ்ஃபார்மர், மோட்டார் எல்லாம் சின்னதாக, எடை குறைவாகச் செய்யலாம். "115தானே, வீட்டில் வருவதில் பாதிதானே" என்று அசட்டையாக இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். 90 கேவிஏ திறனுள்ள ஜிபியு முழு லோடில் ஓடும்போது ஒவ்வொரு ஃபேஸிலும் சுமார் 260 ஆம்பியர் ஓடும். வெல்டிங் பட்டறைக் கணக்கு இது.

ஜிபியு மின்சாரம் மட்டும்தான் தரும். ஏசிக்கும் இன்ஜினைச் சுழற்றவும் அழுத்தக் காற்று வேண்டும். அதைத் தருவதும் அந்த ஏபியுதான். (போயிங் 787 வேறு ஜாதி, இன்ஜினையே மின்சாரத்தால்தான் சுழற்றும்.) ஏபியு பழுது என்றால் காற்றுக்குத் தனி வண்டி, தடித்த குழாய் எல்லாம் வரும். அன்றைக்குக் கேபின் வெந்துபோனால் பணிப்பெண்ணைத் திட்டிப் பயனில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மே மாத மதியம். வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரமான ஒரு தம்பி. வாலில் ஏபியு சத்தம் ஏறியது. இனி நம் வண்டி தேவையில்லை என்று நினைத்துப் பிளக்கைப் பிடித்து இழுத்துவிட்டான். பட்டென்று ஒரு நீல வெளிச்சம். கையுறை காப்பாற்றியது. பிளக்கில் இரண்டு பின் கருகிப்போயிருந்தன, விமானம் தாமதம்.

"சத்தம் கேட்டுச்சே அண்ணே" என்றான். அவன் நினைத்ததில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் காக்பிட்டில் வெளி மின்சார சுவிட்ச் 'ஆன்'-ல் இருக்கும்வரை, ஏபியு ஓடினாலும் முன்னுரிமை கேபிளுக்குத்தான். லோடு முழுக்க அவன் கையில் இருந்திருக்கிறது.

பிளக்கில் நான்கு பெரிய பின்களும் இரண்டு சின்ன பின்களும் உண்டு. சின்னவை நீளம் குறைவு. இழுக்கும்போது அவைதான் முதலில் கழன்று, காண்டாக்டர் என்ற பெரிய சுவிட்சைத் திறந்து மின்சாரத்தை நிறுத்தும். நல்ல ஏற்பாடுதான். தேய்ந்த பிளக்கைக் கோணலாக இழுத்தால் அதை நம்ப முடியாது. கேபிள் தன் எடையிலேயே சாக்கெட்டில் தொங்கினாலும் பின் சீக்கிரம் தளர்ந்துவிடும். அதற்கான பட்டையில் மாட்டுங்கள்.

கழற்றும்முன் கேப்டன் ஹெட்செட்டில் சொல்ல வேண்டும். சாக்கெட் பக்கத்தில் 'நாட் இன் யூஸ்' என்ற வெள்ளை விளக்கும் எரிய வேண்டும். ஒன்று போதாது, இரண்டும் வேண்டும். அப்புறம் வண்டியில் சப்ளையை நிறுத்திவிட்டு, இரண்டு கையாலும் நேராக இழுக்க வேண்டும்.

அந்தத் தம்பி இப்போது சூப்பர்வைசர். ஏபியு சத்தம் ஏறும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்த வெள்ளை விளக்கையே பார்த்தபடி நிற்பான்.