ஒப்பனை: தோலோடு ஒத்துப்போகும் சொல்

அக்கா மகளின் தாடையோரம் மூன்று கோடு போட்டேன். முகத்தின் நிறத்தைச் சீராக்கப் பூசும் ஃபவுண்டேஷன்; ஒரே நிறுவனத்தின் ஒரே வகை, அடுத்தடுத்த மூன்று ஷேடு. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி உட்காரவைத்துவிட்டுக் காத்திருந்தோம். கால் மணி நேரம் போயிருக்கும். முதல் கோடு சுண்ணாம்பு தடவியதுபோல் வெளிறி நின்றது. மூன்றாவது கோடு செங்கல் நிறத்துக்குத் திரும்பியிருந்தது. கைக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தவள், "சித்தி, நடுவுல போட்டது எங்க போச்சு?" என்றாள்.

எங்கும் போகவில்லை, அங்கேயேதான் இருந்தது. அவள் தோலோடு ஒத்துப்போய்விட்டதால் கண்ணுக்குத் தெரியவில்லை. "அதுதான் உன்னுது" என்று அந்தக் குப்பியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். மேக்கப்புக்குத் தமிழில் ஒப்பனை என்று ஏன் பெயர் வந்தது என்பது எனக்கு உறைத்ததும் அந்த நிமிடத்தில்தான். பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் சொல், உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை.

இதன் வேர் ‘ஒ’ என்கிற ஓரெழுத்து வினை. ஒத்தல் என்றால் ஒன்றுபோல இருத்தல், பொருந்துதல். அதிலிருந்து வந்தது ஒப்பு. அதன் குடும்பம் பெரியது. இரண்டு பேர் மனம் ஒத்து எழுதிக்கொள்வது ஒப்பந்தம். ஒன்றை இன்னொன்றின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது ஒப்பீடு. இறந்தவரை எதெதற்கோ ஒப்புச் சொல்லி அழுவது ஒப்பாரி. ஊரோடு ஒத்து வாழ்ந்து உதவுவது ஒப்புரவு. திருக்குறளில் அதற்குத் தனி அதிகாரமே உண்டு. ஒப்பம் என்றால் இன்று கையெழுத்துதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் மேடுபள்ளம் இல்லாத சமநிலை, மெருகு என்ற பொருள்களும் அந்தச் சொல்லுக்கு இருக்கின்றன. முகத்தில் அங்கங்கே இருக்கும் கருமையும் சிவப்பும் அடங்கி நிறம் ஒரே சீராகத் தெரிய வேண்டும் என்றுதானே பூசிக்கொள்கிறோம்? அதை ஒப்பம் என்று சொன்னாலும் தவறில்லை.

விற்பு விற்பனை ஆனதுபோல ஒப்பு ஒப்பனை ஆயிற்று. அகராதியைப் புரட்டினால் ஒப்பனைக்கு ஒப்புமை, அலங்காரம் என்று இரண்டு பொருளும் அடுத்தடுத்து நிற்கும். எனக்கு அவை இரண்டாகவே தெரியவில்லை. முகத்தோடு பொருந்துகிற அலங்காரம்தான் ஒப்பனை.

சரி, மேக்கப் என்ற சொல்லின் கதை என்ன? ஆங்கிலத்தில் அந்த வினைக்குப் பல முகங்கள். பலவற்றைச் சேர்த்து ஒன்றை உண்டாக்குவது ஒரு பொருள். குறைவதை ஈடுகட்டுவது இன்னொன்று. நடக்காததை நடந்ததாகக் கட்டிச் சொல்வதும் அதே சொல்தான். 19ஆம் நூற்றாண்டு நாடக மேடைகளில், நடிகர் ஒரு பாத்திரத்துக்காக முகத்தையும் தலையையும் மாற்றிக்கொள்வதை இந்தச் சொல்லால் குறித்தார்கள். மேடைக்கு வெளியே, சாதாரணப் பெண்கள் பூசிக்கொள்வதற்கும் அதே பெயர் நிலைத்ததில் மேக்ஸ் ஃபேக்டருக்குப் பெரிய பங்கு உண்டு. போலந்தில் பிறந்து ஹாலிவுட்டுக்குப் போன ஒப்பனைக் கலைஞர் அவர். மேடைக்கான தடித்த மெழுகுச் சாயம் கேமராவின் நெருக்கத்தில் வெடித்து விரிசல் விட்டதால், 1914இல் கிரீம் போலக் குழைவான பூச்சு ஒன்றை உருவாக்கினார். 1930களின் கடைசியில் வண்ணப் படங்களுக்காக அவர் நிறுவனம் கொண்டுவந்த பேன்கேக் என்ற முகப்பூச்சு, பெயரோடு சேர்ந்து உலகின் பல படப்பிடிப்புத் தளங்களுக்கும் பரவியது.

காஸ்மெட்டிக் என்ற சொல் இன்னும் பழையது, கிரேக்கம். காஸ்மோஸ் என்ற சொல்தான் அதற்கும் தாய். ஒழுங்கு, அழகு, பிரபஞ்சம் மூன்றையும் கிரேக்கர்கள் அந்த ஒரே சொல்லில் வைத்திருந்தார்கள். முகத்துக்கு மை தீட்டுவதும் விண்மீன்கள் வரிசையில் நிற்பதும் அவர்களுக்கு ஒரே வகை ஒழுங்கு.

மேக்கப்புக்கு நேருக்கு நேர் தமிழ்ச் சொல் தேடினால் முதலில் கிடைப்பது புனைவு. புனைதல் என்றால் அழகுபடுத்துதல். கதை கட்டுதலும் அதுதான். ஆங்கிலச் சொல்லின் இரண்டு பொருளும் அப்படியே இதில் இருக்கின்றன. அலங்காரம் வடசொல், போதுமானதாக ஆக்குவது என்பது அதன் வேர்ப்பொருள். ஆனால் நாம் அதை வீட்டுக்கும் தேருக்கும் மேடைக்கும்கூடச் சொல்கிறோம். சிங்காரத்தில் காதல் வாடை கூடுதல். அரிதாரம் என்பது ஆர்செனிக் கலந்த மஞ்சள் கனிமம், தாளகம் என்றும் சொல்வார்கள். கூத்துக் கலைஞர்கள் முகத்தில் பூசிய அந்த நச்சுக் கனிமத்தின் பெயர் நடிப்புத் தொழிலுக்கே அடையாளமாகிவிட்டது. ‘அரிதாரம் பூசினார்’ என்றால் நடிக்க வந்தார் என்று அர்த்தம். இந்த நான்கும் நல்ல சொற்கள்தான். ஆனால் தோலைப் பார்த்து, அதற்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுத்துப் பூசும் வேலைக்கு ஒப்பனைதான் சரியான சொல். அந்த வேலையின் முறையே சொல்லுக்குள் இருக்கிறது.

எதோடு ஒக்க வேண்டும் என்ற கேள்வியில்தான் பலருக்கும் தடுமாற்றம். தோலுக்கு மேலோட்டமாகத் தெரிகிற நிறம் ஒன்று. வெளிர், மாநிறம், கருமை என்று சொல்கிறோமே, அது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. வெயிலில் அலைந்தால் கூடும், நிழலில் இருந்தால் குறையும். அதற்கு அடியில், எளிதில் மாறாத ஒரு சாயல் இருக்கிறது. அதைத்தான் அண்டர்டோன் என்கிறார்கள். ஆங்கிலத்தில் இந்தச் சொல் தாழ்ந்த குரலையும் குறிக்கும். பேச்சுக்கு அடியில் ஓடும் குரல்போல நிறத்துக்கு அடியில் ஓடும் நிறம். தமிழில் அடிநிறம் என்று சொல்லலாம். அடிக்குரல் என்று ஏற்கெனவே நம்மிடம் இருப்பதால் இது காதுக்குப் புதிதாகப் படாது.

அடிநிறம் மஞ்சளோ பொன்னோ கலந்திருந்தால் வார்ம் என்பார்கள், இளஞ்சிவப்போ நீலமோ கலந்திருந்தால் கூல், இரண்டும் சமமாக இருந்தால் நியூட்ரல். சிலருக்கு லேசான பச்சை ஓடும், அது ஆலிவ். மணிக்கட்டு நரம்பு பச்சையாகத் தெரிந்தால் வார்ம், நீலமாகத் தெரிந்தால் கூல் என்று ஒரு சோதனை எல்லோருக்கும் மனப்பாடம். கருத்த தோலில் நரம்பின் நிறமே சரியாகத் தெரியாது, அதனால் நான் அதை நம்புவதில்லை. வெள்ளைத் துணியை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். துணியின் வெள்ளை, தோலில் ஒளிந்திருக்கும் மஞ்சளையோ சிவப்பையோ வெளியே கொண்டுவந்துவிடும்.

நிறம் ஒத்துப்போகாததன் பலன் என் பழைய புகைப்படம் ஒன்றில் இருக்கிறது. விசேஷத்துக்கு எனக்கு ஒப்பனை செய்துவிட்டவர் என் நிறத்தைவிட இரண்டு ஷேடு வெளுத்ததை எடுத்துப் பூசினார். ‘பளிச்னு இருக்கும்’ என்றார். படத்தில் என் முகம் சாம்பல் பூத்திருக்கிறது. கழுத்து தன் மாநிறத்திலேயே இருக்கிறது. இரண்டும் வேறு வேறு ஆட்களுடையதுபோல.

சாம்பல் ஏன் வந்தது என்பது பிறகுதான் புரிந்தது. பெரும்பாலான ஃபவுண்டேஷன்களின் நிறம் நான்கு பொடிகளின் கலவை: வெள்ளைக்கு டைட்டானியம் டை ஆக்சைடு, அப்புறம் சிவப்பு, மஞ்சள், கருப்பு நிறங்களில் இரும்பு ஆக்சைடு. ஷேடு வெளுக்க வெளுக்க வெள்ளைப் பொடி கூடும். மெலனின் அதிகம் உள்ள தோல்மேல் அந்த வெள்ளை உட்கார்ந்தால் வெளுப்பு வராது, சாம்பல்தான் வரும். கருத்த தோலுக்குத் தேவை வெள்ளை குறைந்து சிவப்பும் மஞ்சளும் சரியாகக் கூடிய கலவை. அப்படிப்பட்ட ஷேடுகள் கடைத்தட்டுகளில் வெகுகாலம் அரிதாகவே இருந்தன. 2017இல் ஃபென்டி பியூட்டி என்ற ஒப்பனை நிறுவனம் ஒரே நேரத்தில் 40 ஷேடுகளோடு வந்த பிறகு மற்ற நிறுவனங்களும் கருத்த நிறங்களின் பக்கம் திரும்ப வேண்டியதாயிற்று.

நம் பேச்சிலும் ஒரு கோணல் இருக்கிறது. ‘அவள் நல்ல நிறம்’ என்றால் வெளுத்த நிறம் என்று பொருள் கொள்கிறோம். கருப்பும் நிறம்தானே? சங்கப் பாடல்களில் தலைவியின் மேனி அழகுக்குப் பெயர் மாமை. மாந்தளிரின் நிறம் என்று உரைகாரர்கள் சொல்வார்கள். பிரிவில் அந்த மாமை போய்ப் பசலை படர்ந்து வெளிறிவிட்டதே என்றுதான் அவள் வருந்துகிறாள். அங்கே வெளுப்பு ஒரு நோயின் அடையாளம். நிறம் என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் மார்பு என்றும் பொருள் உண்டு. தேர்ந்த ஒப்பனைக் கலைஞர்கள் முகத்துக்கு ஷேடு பார்க்கும்போது கழுத்தையும் மேல்மார்பையும் பார்ப்பார்கள். நெற்றியும் வாயோரமும் பலருக்குக் கன்னத்தைவிடக் கருத்திருக்கும், அதனால் முகத்தில் எந்த இடத்தை நம்புவது என்று குழப்பம் வரும். கழுத்தும் மார்பும் அந்த அளவுக்குக் குழப்பாது. புறங்கையில் தடவிப் பார்ப்பது வீண் வேலை. கையின் நிறம் வேறு, முகத்தின் நிறம் வேறு.

தடவியவுடன் முடிவு செய்யவும் கூடாது. தோலின் எண்ணெய்யோடும் காற்றோடும் சேர்ந்து பல ஃபவுண்டேஷன்கள் கொஞ்சம் கருக்கும். அதற்காகத்தான் அந்தக் கால் மணி நேரக் காத்திருப்பு.

நிறம் ஒத்துவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. தோலின் தன்மையும் ஒக்க வேண்டும். இங்கே ‘ஒ’ குடும்பத்தின் இன்னொரு சொல் வருகிறது: ஒவ்வாமை. அலர்ஜிக்கு நாம் சொல்கிற அதே சொல். ஒத்தலின் எதிர்மறை அது, ஒத்துப்போகாமை. ஒப்பனையும் ஒவ்வாமையும் ஒரே வேரில் எதிரெதிர்ப் பக்கம் முளைத்தவை என்று தெரிந்தபோது எனக்கு அத்தனை சந்தோஷம். எந்தப் புதுப் பூச்சானாலும் காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உள்பக்கமோ கொஞ்சம் தடவி ஒருநாள், இரண்டுநாள் விட்டுப் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் அது உங்களுக்கு ஒவ்வாதது. எவ்வளவு அழகான ஷேடாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

தோலின் தன்மையைத் தெரிந்துகொள்ள மென்மையான ஃபேஸ்வாஷால் முகம் கழுவி, எதுவும் பூசாமல் ஒரு மணி நேரம் இருங்கள். முகமெங்கும் மினுமினுத்தால் எண்ணெய்ச் சருமம். இழுத்துப் பிடித்ததுபோல் இருந்தால் வறண்ட சருமம். நெற்றி, மூக்கு, தாடை மட்டும் மினுமினுத்தால் கலவைச் சருமம். அந்தப் பகுதிகளில் எண்ணெய்ச் சுரப்பிகள் அதிகம். வறண்ட தோலில் மேட் என்கிற மினுமினுப்பில்லாத பூச்சு போட்டால் செதில்களில் ஒட்டிக்கொண்டு திட்டுத்திட்டாக நிற்கும். முதலில் மாய்ஸ்சரைசர், அது உள்ளே இறங்கியதும் கிரீம் வகைப் பூச்சு. எண்ணெய்ச் சருமத்துக்கு எண்ணெய் சேராத, லேசான பூச்சு நிற்கும். பவுடரை மினுமினுக்கும் இடத்தில் மட்டும் ஒற்றினால் போதும். கலவைச் சருமத்தில் ஒரே முகத்துக்கு இரண்டு வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கும், அதில் தப்பே இல்லை. முன்னதாகப் பூசும் ப்ரைமரும் அதன்மேல் பூசும் ஃபவுண்டேஷனும் ஒன்று சிலிக்கோன் கலவை, ஒன்று தண்ணீர்க் கலவை என்று இருந்தால் சில நேரம் ஒட்டாமல் உருண்டு உருண்டு வரும். பூச்சுக்கும் பூச்சுக்கும் இடையே நேரும் ஒவ்வாமை என்று அதைச் சொல்லலாம்.

பூசும்போது தேய்க்காதீர்கள், ஒற்றி ஒற்றி எடுங்கள். நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்ச் இருந்தால் நல்லது, விரல் நுனியும் போதும். முகத்தின் நடுவிலிருந்து ஓரத்துக்கு, மெல்லிய அடுக்காக. கண்ணுக்குக் கீழே கருவளையம் இருந்தால் அதை மறைக்க வெளிறிய கன்சீலரை நேரடியாகப் போட்டால் அங்கேயும் சாம்பல்தான். கருவளையத்தில் நீலச் சாயல் இருக்கும். நீலத்துக்கு எதிர்நிறம் ஆரஞ்சு. மாநிறத் தோலில் முதலில் பீச் அல்லது ஆரஞ்சு நிறக் கரெக்டர் கொஞ்சம், அதன்மேல் கன்சீலர்.

பொருள்களின் பெயர்களுக்கும் தமிழ் தேடுபவர்களுக்கு என் விருப்பத்தைச் சொல்லிவிடுகிறேன். லிப்ஸ்டிக்குக்கு உதட்டுச்சாயம் ஏற்கெனவே ஊன்றிவிட்டது. கண்ணுக்கு மை இருக்கிறது, அதைவிட நல்ல சொல் வேண்டாம். ஃபவுண்டேஷனுக்கு அடித்தளம் என்று சிலர் எழுதுகிறார்கள், கட்டட வேலை நினைவுக்கு வருகிறது. அடிப்பூச்சு என்பது இன்னும் இணக்கமாக இருக்கும். கரெக்டரை எதிர்நிறப் பூச்சு என்றால் அது செய்யும் வேலையும் சேர்ந்து புரிந்துவிடும். கன்சீலருக்கு மறைப்பூச்சு. ஷேடு, ஸ்பாஞ்ச், பவுடர் எல்லாம் எல்லோர் வாயிலும் புழங்குகிற சொற்கள், அப்படியே இருக்கட்டும்.

அக்கா மகள் போன வாரம் பேசினாள். தோழிக்கு ஷேடு பார்க்கப் போயிருந்தாளாம். கடையில் நின்றபடியே ஃபோன் செய்து, "சித்தி, மூணுமே இவளுக்கு ஒப்பல, என்ன பண்ண?" என்றாள். மூன்று கோடும் தெரிகிறதா என்று கேட்டேன். தெரிகிறது என்றாள். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில், கொஞ்சம் மஞ்சள் கூடியது இருக்கிறதா என்று கேட்கச் சொன்னேன்.