கையெழுத்துப் போடும் முன் தமிழில் கேளுங்கள்

மலேசியாவில், செந்தூலானாலும் பிரிக்பீல்ட்ஸானாலும், குடும்ப வன்முறைப் புகாரை நம் பெண்கள் சொல்வது தமிழில். போலீஸ் நிலையத்தில் பதிவாவது மலாய் மொழியில். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

அடித்த மாமியாரைப் பற்றிக்கூட மரியாதை குறையாமல்தான் பேசுவார்கள்: "அவங்க கைய முறுக்குனாங்க." மொழிபெயர்ப்பவர் அசந்தால் அது மலாயில் 'மெரேக்கா' (அவர்கள்) ஆகிவிடும், ஒருவர் செய்தது பலர் செய்ததாகிவிடும். கணவர் பெயரைச் சொல்லக் கூசி 'அவரு' என்றே பேசினால் இன்னும் மோசம். அதற்கான மலாய்ச் சொல் 'டியா'வுக்கு ஆண், பெண் பேதமில்லை. கணவர், நாத்தனார், மாமனார் எல்லாரும் 'டியா'வானால், தள்ளியது யார், தடுத்தது யார்? 'அண்ணன்' என்பதை 'அபாங்' என்று எழுதினாலும் குழப்பம்தான். மலாய்ப் பெண்கள் கணவரையும் அப்படி அழைப்பதுண்டு. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பிடித்துக்கொள்வது இந்த மாதிரி முரண்பாடுகளைத்தான்.

ஆகவே அங்கே உறவுமுறை வேண்டாம். அடையாள அட்டையில் உள்ள பெயரைச் சொல்லுங்கள். வாயில் வரவில்லையென்றால் தாளில் எழுதிக் கொடுங்கள். 'கை வச்சாரு' என்றால் போதாது. அறைந்தாரா, குத்தினாரா, கழுத்தை நெரித்தாரா? எத்தனை மணிக்கு, வீட்டில் எந்த இடத்தில்?

மொழிபெயர்க்கப் பிள்ளைகளை அழைத்துப் போகாதீர்கள். அப்பா செய்ததை மகள் வாயால் சொல்லவைப்பது கொடுமை. கணவர் வீட்டு ஆளும் வேண்டாம்; குடும்ப மானம் என்று பாதியை விழுங்கிவிடுவார். தமிழ் தெரிந்த அதிகாரி இருக்கிறாரா என்று கேளுங்கள். ரிப்போர்ட்டில் 'ஜூருபஹாசா' (மொழிபெயர்ப்பாளர்) விவரத்துக்கென்று தனி இடம் உண்டு. மொழிபெயர்த்தவர் பெயர் அதில் இருக்கட்டும்.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஆம் பிரிவுப்படி, வாய்மொழிப் புகாரை எழுதியதும் புகார்தாரருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். பிறகு விசாரணையில் எடுக்கும் வாக்குமூலத்துக்கு 112ஆம் பிரிவு இன்னும் தெளிவு: நீங்கள் பேசிய மொழியிலேயே வாசித்துக் காட்டி, திருத்தவும் வாய்ப்புக் கொடுத்த பிறகே கையெழுத்து. இதைக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல. பின்னால் கூட்டம் காத்திருந்தாலும் பெயர், நேரம், காயம் வரும் இடங்களில் நிறுத்தச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டில் தவறு இருப்பது பின்னர் தெரிந்தால், பழைய எண்ணைக் குறிப்பிட்டு இன்னொரு ரிப்போர்ட் போடலாம்.

உயிருக்கு ஆபத்து என்றால் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். 1994ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில் 2017இல் வந்த திருத்தத்தின்படி, சமூகநல அதிகாரியே 7 நாளுக்கு அவசரப் பாதுகாப்பு ஆணை தரலாம். அரசின் உதவி எண்ணான 15999க்கு அழையுங்கள்.