ஓப்பன் ஆஃபர்: இதில் எங்கே வந்தது ‘சலுகை’?

“ஏங்க, அந்த ஆஸ்பத்திரியில சலுகையக் கோர்ட்டு நிறுத்திப்போட்டுதாமா? நம்ம கார்டு இனிச் செல்லாதுங்களா?” கொழிஞ்சாம்பாறை டீக்கடையில் ஒரு பெரியவர் கேட்டது இது. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ‘ஓப்பன் ஆஃபர்’ என்பதைப் பெயர்த்துப் பத்திரிகையில் ‘ஃபோர்ட்டிஸ் திறந்த சலுகைக்கு உச்ச நீதிமன்றம் தடை’ என்று எழுதினால் வேறு எப்படிப் புரியும்?

நடந்தது இது. மலேசியாவின் ஐஎச்எச் நிறுவனம் 2018-ல் பங்கு 170 ரூபாய் வீதம் 4,000 கோடி போட்டு ஃபோர்ட்டிஸ் மருத்துவமனைக் குழுமத்தில் 31.1 சதவீதம் வாங்கியது. பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனத்தில் ஒருவர் கை 25 சதவீதத்தைத் தொட்டால், குறைந்தது இன்னொரு 26 சதவீதத்தைப் பொதுப் பங்குதாரர்களிடம் வாங்க முன்வர வேண்டும் என்பது சந்தையைக் கண்காணிக்கும் செபியின் 2011 விதி. அதுதான் ஓப்பன் ஆஃபர். விருப்பமிருந்தால் விற்கலாம், இல்லாவிட்டால் பேசாமல் இருக்கலாம். ஃபோர்ட்டிஸின் பழைய உரிமையாளர்களோடு ரான்பாக்ஸி மருந்து நிறுவன விற்பனை தொடர்பாக வழக்காடிக்கொண்டிருந்த ஜப்பானின் மருந்து நிறுவனம் டாய்ச்சி சான்கியோ குறுக்கிட, அதே ஆண்டு டிசம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் எல்லாவற்றையும் அப்படியே நிறுத்தியது. வாங்கியவருக்கு மீதிப் பங்கு வரவில்லை. 170 ரூபாய்க்கு விற்க நினைத்த சின்ன முதலீட்டாளருக்கும் வழி அடைபட்டது. 2022 செப்டம்பர் தீர்ப்புக்குப் பிறகும் விவகாரம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குத்தான் போனது.

ஆஃபர் என்பது ‘முன் கொண்டுவந்து வைத்தல்’ என்ற லத்தீன் வேரில் பிறந்தது. அவ்வளவுதான். சலுகையோ கன்னடத்துச் ‘சலுகெ’யோடு உறவாடும் சொல், செல்லம், தயவு, விட்டுக்கொடுத்தல் என்ற வாடை அதில் உண்டு. ‘சலுகை கொடுத்துக் கெடுத்துவிட்டாய்’ என்கிறோமே, அந்தச் சலுகை. ஓணத்துக்குப் பாலக்காட்டு ஜவுளிக்கடைகள் மாட்டும் ‘ஆஃபர்’ பலகையைச் சலுகை என்று பெயர்த்தால் தப்பில்லை, அங்கே விலை குறைகிறது. இங்கே யார் யாருக்குத் தயவு காட்டுகிறார்? சட்டம் பிடரியில் கை வைத்துத் தள்ளுவதால் வாங்குகிறவர் பணத்தோடு வருகிறார்! ‘திறந்த’வும் வீண், திறந்தவெளி மாநாடா நடக்கிறது?

சித்தூரில் தமிழாசிரியராக இருக்கும் நண்பர் ‘பொது விலைக்கேட்பு’ என்கிறார். காதுக்கு இதம்தான், ஆனால் அது டெண்டர். விலைக்கேட்பில் விலையை எதிராளி சொல்வார். இதிலோ வாங்குகிறவரே விலையைச் சொல்லிவிட்டு வருகிறார். தனித்தமிழ் ஆர்வம் பொருளைக் கவிழ்க்கக் கூடாது. நான் ‘பொதுக் கொள்முதல் அழைப்பு’ என்பேன். நீளம்தான், நெல்லும் பாலும் வாசம் வீசும்தான். இருந்தும் யார் வாங்குகிறார், யாரிடம் வாங்குகிறார் என்பது உடனே தெரிகிறது. அது பிடிக்காவிட்டால் மலையாளப் பத்திரிகை போல ‘ஓப்பன் ஆஃபர்’ என்றே எழுதுங்கள், கோபமில்லை.

2024-ல் கோழிக்கோடு பேபி மெமோரியல் மருத்துவமனையை அமெரிக்க முதலீட்டு நிறுவனம் கேகேஆர் வாங்கியபோது இந்தப் பேச்சே எழவில்லை. அது பட்டியலிடாத நிறுவனம். சலுகையிலிருந்து தப்பினோம் என்றால், அங்கே ‘கையகப்படுத்தல்’ வந்து உட்கார்ந்தது. வாளையார்ப் பக்கம் அந்தச் சொல்லைக் கேட்டால் நாலுவழிச் சாலைக்கு நிலம் போனதுதான் நினைவுக்கு வரும். விற்றவர் சம்மதித்துக் காசு எண்ணி வாங்கியிருக்கிறார். ‘வாங்கியது’ என்று எழுதினால் எந்த மொழிபெயர்ப்பாளருக்குச் சம்பளம் குறையும்?